கை காட்டி நிறுத்தினால்: பெங்களூரு வேகச் சோதனை பற்றிக் கேள்வி பதில்

வேகத்துக்காக டிராஃபிக் போலீஸ் நிறுத்தும்போது எப்படி நடந்துகொள்வது என்பது பற்றி மட்டும் கேளுங்கள். பார்க்கிங், டோயிங் எல்லாம் இன்னொரு நாள்.

தினமும் ஓசூர் ரோட்டில் கார் ஓட்டுகிறேன். திடீரென்று கை காட்டினால் அங்கேயே பிரேக் போடுவதா? – பொம்மனஹள்ளி

போடவே கூடாது. பின்னால் லாரி வரும். கண்ணாடியைப் பாருங்கள், இடது இண்டிகேட்டரைப் போடுங்கள், மெதுவாக ஓரம் கட்டுங்கள். அவரைத் தாண்டி முப்பது நாற்பது மீட்டர் போய் நின்றாலும் தப்பில்லை. தப்பி ஓடவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இண்டிகேட்டர் மினுக்கியதுமே அது தெரிந்துவிடும்.

நின்றதும் ஹேண்ட்பிரேக் போட்டு எஞ்சினை அணையுங்கள். ஜன்னலை முழுக்க இறக்குங்கள். இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். அவர் பக்கத்தில் வரும்வரை கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும். இறங்கச் சொன்னால் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறவுங்கள். நம் ஊரில் டிரைவர் கதவு வண்டிகள் பாயும் பக்கம்தான் திறக்கும்.

இன்னொன்று: எஞ்சின் அணைந்த பிறகுதான் போனைத் தொட வேண்டும். ஓடும் வண்டியில் போன் கையில் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் தனி வழக்கு. வேகத்துக்கு நிறுத்தியவர் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்.

பைக்கில் போனால் சாவியைப் பிடுங்கிவிடுகிறார்களே? – ஸ்ரீராம்புரம்

பிடுங்கக் கூடாது. 2025இல் மாநிலக் காவல் தலைமையே அப்படி அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் ரோட்டில் நின்று சுற்றறிக்கை பேசிப் பயனில்லை. சைடு ஸ்டாண்டு போட்டு, சாவியை நீங்களே எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். பிடுங்க எதுவும் இருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். முகம் தெரிந்தால் பேச்சின் சூடும் குறையும்.

ஆர்சியை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், போதுமா? – மர்ஃபி டவுன்

கேலரிப் படம் செல்லாது. டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலிக்குள் திறந்து காட்டினால் செல்லும். மத்திய மோட்டார் வாகன விதி 139 அதை ஏற்கிறது. லைசென்ஸ், ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, நான்கும் வேண்டும். லைசென்ஸ் அட்டை ஒன்றாவது பர்ஸில் இருக்கட்டும். செயலியைத் திறப்பது எஞ்சினை அணைத்த பிறகு. சொன்னதையே சொல்கிறேன், தெரியும்.

கான்ஸ்டபிள் அபராதம் போடலாமா? – அல்சூர்

யூனிஃபார்மில் இருக்கும் எந்தப் போலீஸும் லைசென்ஸைக் கேட்கலாம், காட்டத்தான் வேண்டும். அபராதம் போடுவது ஏஎஸ்ஐ (உதவி சப்-இன்ஸ்பெக்டர்) அல்லது அதற்கு மேல். தோளில் ஒரு நட்சத்திரம் ஏஎஸ்ஐ, இரண்டு எஸ்ஐ, மூன்று இன்ஸ்பெக்டர்.

ஏர்போர்ட் ரோட்டில் 80தான் எல்லை. என் மீட்டரில் 79. லேசர் கன் 86 காட்டியது. ஓரமாகச் சாய்ந்து நின்று பிடித்தால் கூடுதலாகத்தானே காட்டும்? – ஹெப்பாள்

அதுதான் இல்லை. கன் ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுகிறது. நேர் எதிரே நின்றால் உண்மை வேகம் கிடைக்கும். ஓரமாக நின்றால் வண்டியின் வேகத்தில் ஒரு பகுதிதான் அவரை நோக்கி வருகிறது. பத்து டிகிரி சாய்வில் 100 ஓடினால் 98 சொச்சம், இருபது டிகிரியில் 94. சாய்வு உங்களுக்குச் சாதகம்தான்.

அப்படியானால் என் மீட்டர் பொய்யா? கம்பெனி மீட்டர் சார்! – அதே ஹெப்பாள்

கம்பெனி மீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்று அதிகமாகக் காட்டும்படிதான் செய்யப்படுகிறது. குறைத்துக் காட்டினால் ஒரு கேள்வி: டயர் மாற்றினீர்களா?

ஆமாம், ஒரு சைஸ் பெரிது. அதற்கும் இதற்கும் என்ன? – அதே ஹெப்பாள்

எல்லாமே அதுதான். மீட்டர் எண்ணுவது சக்கரச் சுற்றுகளை. டயர் விட்டம் ஐந்து சதவீதம் கூடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து சதவீதம் அதிக தூரம். மீட்டர் கணக்கில் 80 என்றால் ரோட்டில் 84. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரை ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

கன் தப்பே செய்யாது என்கிறீர்களா? ஹெப்பாள் நண்பருக்கு ஆதரவாகக் கேட்கிறேன். – ஜாலஹள்ளி

செய்யும். ஆபரேட்டர் கை ஆடி, ஒளிப்புள்ளி முன்கண்ணாடியிலிருந்து பானெட் வழியாக நம்பர் பிளேட்டுக்குச் சறுக்கினால் தூரம் வேகமாகக் குறைந்ததாகக் கன் நினைக்கும். வேகம் கூடித் தெரியும். நல்ல கன் அப்படிப்பட்ட அளவைப் பிழை என்று தள்ளிவிடும். நெருக்கமான டிராஃபிக்கில் பக்கத்து வண்டி மாட்டுவதும் உண்டு. அதனால் சண்டைக்கு முன் ஒன்று செய்யுங்கள். ‘சார், படத்தைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நம்பர் பிளேட், வேகம், இடம், நேரம் நான்கையும் பாருங்கள். குறிவைப்பின் புள்ளி உங்கள் வண்டியின் மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அங்கே வாதாட வேண்டாம். பணம் கட்டாமல், கோர்ட்டில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள்.

ஐந்நூறு கையில் கொடுத்தால் விட்டுவிடுவார்களா? – மூன்று பேர்

மூவருக்கும் ஒரே பதில். கர்நாடகத்தில் கார், பைக் வேகத்துக்கு ஆயிரம். அதில் ஐந்நூறு மிச்சம் பிடிக்க, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டுவரை சிறை வரக்கூடிய குற்றத்தைச் செய்வீர்களா? கட்டாயப்படுத்தி வாங்கினால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவர்தான் தப்ப முடியும். இங்கே அந்தப் புகாரை வாங்குவது லோகாயுக்தா என்ற ஊழல் தடுப்பு அமைப்பு. க்யூஆர் காட்டினாலும் யார் பெயருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள்.

கன்னடம் வராது. – வைட்ஃபீல்டு

‘நமஸ்கார சார், ஏனாயித்து?’ (என்ன ஆயிற்று?) இவ்வளவு போதும். கட்டியதும் ‘ரசீதி கொடி சார்’ (ரசீது கொடுங்கள்). தெரிந்த பெரிய மனிதர் பெயரை எந்த மொழியிலும் எடுக்காதீர்கள்.

யாரும் நிறுத்தவில்லை, ஆனால் மைசூரு ரோட்டில் போனதற்கு மெசேஜ். ஒரு செயலியை இறக்கச் சொல்கிறது. – கெங்கேரி

இறக்காதீர்கள், மோசடி. உண்மையான அபராதத்துக்கு ஏபிகே கோப்பு வராது. கவ்.இன் என்று முடியும் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது பெங்களூரு ஒன் மையத்துக்குப் போங்கள். பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு எல்லை 100. 130ஐத் தாண்டினால் 2024 ஆகஸ்டிலிருந்து அபராதத்தோடு முடியாது, எஃப்ஐஆர்.

தமிழ்நாட்டுப் பதிவு வண்டி, வரி கட்ட வேண்டுமா? – ஹொரமாவு

ஆர்டிஓ கேள்வி. இங்கே இல்லை.

வேகத்துக்கு ஐந்நூறு கொடுத்தால்… – ராமமூர்த்தி நகர்

மேலே படியுங்கள்.

நிறுத்தியதும் வீடியோ எடுக்கலாமா? – கே.ஆர். புரம்

அவர் உடலில் மாட்டியிருக்கும் கேமராவும் ஓடுகிறது, உங்களுடையதும் ஓடலாம். அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம், கையைத் தட்டிவிட வேண்டாம். தள்ளுமுள்ளு ஆனால் ஆயிரம் ரூபாய் அபராதம் அரசு ஊழியரைத் தடுத்த வழக்காகிவிடும். எடுக்கும் முன் எஞ்சினை…

அணைத்துவிட்டேன் சார். – கே.ஆர். புரம்

சரி, எடுங்கள்.