தோட்டக் கேள்வி பதில்: மார்கழியில் மல்லிக்குக் கத்தரி

கேள்வி: வாசலில் தரையில் நட்ட நான்கு வருட மல்லிச்செடி. ஒரு மாதமாக மொட்டே இல்லை. உரம் போட்டும் பயனில்லை. பட்டுப்போய்விடுமா? (வாசகி, திருப்பாலை)

பதில்: பட்டெல்லாம் போகாது. பனி விழ ஆரம்பித்தால் மல்லி படுத்துவிடும், மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மார்கழி, தை மாதங்களில் பூ விலை எகிறுவதே அதனால்தான். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கே இந்த கதி என்றால் உங்கள் வாசல் செடி என்ன செய்யும்? இப்போது அதற்கு வேண்டியது உரமல்ல, கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. நவம்பர் கடைசி வாரமே செய்திருக்கலாம், பரவாயில்லை, இன்னும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிடுங்கள். உள்ளே குச்சி குச்சியாகக் காய்ந்து கிடப்பது, ஒன்றோடொன்று உரசுவது எதற்கும் இரக்கம் காட்ட வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் "பச்சைச் செடியை இப்படி மொட்டையடிச்சிட்டியே" என்று சத்தம் போடுவார்கள், போடட்டும். மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை வைத்துக்கொண்டு காத்திருந்தால் இலைதான் மிஞ்சும். வெட்டிய பிறகு வேரை அறுக்காமல் சுற்றிலும் லேசாகக் கொத்தி, நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கிலோ போட்டுத் தண்ணீர் விடுங்கள். பங்குனியில் பூ பறிக்கலாம்.

கேள்வி: மாடித்தோட்டத்தில் போன சித்திரையில் தக்காளி, கத்தரி எல்லாம் கருகிவிட்டன. தைப்பட்டத்துக்கு இப்போதே என்ன செய்வது? நிழல்வலையை எந்தப் பக்கம் கட்டுவது? (வாசகர், வில்லாபுரம்)

பதில்: இப்போது அடிக்கும் வெயிலைப் பார்த்து வலையின் இடத்தை முடிவு செய்யாதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, 3 அடி தெற்குக் கைப்பிடிச் சுவர் உச்சிவேளையில்கூட சுமார் 2 அடிக்கு நிழல் போடும். சித்திரை பிறக்கும்போது மதுரையில் வெயில் நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும், அந்தச் சுவரால் மதியத்தில் ஒரு பிரயோஜனமும் இருக்காது. அதனால் பக்கவாட்டில் இல்லை, தலைக்கு மேலே வலை வேண்டும்; மேற்குப் பக்கம் மட்டும் சாயங்கால வெயிலுக்காகக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள். கம்பி நடும் வேலையை இந்தக் குளிரிலேயே முடித்துவிடுங்கள், பங்குனி வெயிலில் மாடியில் நிற்கவே முடியாது. காய்த்து ஓய்ந்த தொட்டிகளின் மண்ணைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கிவிட்டு, சில நாள் வெயிலில் காயவைத்து, மக்கிய உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து வையுங்கள். தை பிறந்ததும் வெண்டை, கொத்தவரை, கீரை போடலாம். காலிஃப்ளவர் ஆசை இருந்தால் அடுத்த ஐப்பசிக்கு ஒத்திவையுங்கள்.

கேள்வி: அவரைக் கொடியில் பூ நிறைய, ஆனால் நுனியெல்லாம் கறுப்பாகப் பூச்சி. (வாசகி, திருமங்கலம்)

பதில்: அசுவினி. ரொம்ப மொய்த்த நுனிகளைக் கிள்ளி எறியுங்கள். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலம் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.