அங்கோர் கோயில்களைக் காணச் செல்வோருக்கு: சில கேள்விகளும் பதில்களும்

கம்போடியாவின் சியெம் ரீப் நகரை ஒட்டிய அங்கோர் கோயில்களுக்கு மூன்று முறை சென்று வந்தவன் என்பதால், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு மொத்தம் நான்கு நாள் விடுப்புதான் இருக்கிறது. ஒரு நாள் சீட்டு போதுமா?

போதாது என்பதே என் கருத்து. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாள்களிலும் பயன்படுத்தலாம் என்பதால் இடையில் ஓய்வெடுக்கவும் இயலும். ஒரே நாளில் ஐந்தாறு கோயில்களுக்கு ஓடுபவர்களுக்கு மாலையில் எல்லாக் கல்லும் ஒரே கல்லாகத் தோன்றத் தொடங்கிவிடும். முதல் முறை எனக்கு நேர்ந்ததும் அதுவே.

கேள்வி: அங்கோர் வாட்டில் சூரிய உதயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

பாருங்கள், ஆனால் அத்துடன் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமாலுக்காக எழுப்பிய இக்கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே காலையில் கதிரவன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுகிறான். நமக்குக் கிடைப்பது கரிய நிழலுருவம் மட்டுமே. முகப்பின் செதுக்கல்களைக் காண வேண்டுமெனில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வர வேண்டும். உதயம் முடிந்து கூட்டம் சிற்றுண்டிக்குக் கலையும் வேளையில் நீங்கள் கிழக்குத் திருச்சுற்றுக்கு நடந்துவிடுங்கள். அங்கே இளவெயில் படும் சுவரில், ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி புடைப்புச் சிற்பமாக விரிகிறது. ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், நடுவே திருமால் என வாசுகியை இழுக்கும் கைகளின் வரிசையை நடந்தபடியே பார்க்கும்போதுதான் அதன் தாளம் பிடிபடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கோயில்களில் வலம் வந்து பழகியவர்கள் இங்கே அப்பிரதட்சிணமாகச் சுற்ற வேண்டும். மேற்கு வாயிலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் முதலில் குருக்ஷேத்திரப் போர், அடுத்துத் தெற்கில் மன்னனின் படை ஊர்வலம், பின் சொர்க்க நரகங்கள், அதன்பின் பாற்கடல் என்று வரிசை செல்கிறது. மேற்கு நோக்கிய அமைப்பையும் இந்த எதிர்ச்சுற்றையும் இறுதிச் சடங்குகளோடு இணைத்து, இது மன்னனின் நினைவுக் கோயிலாகவும் இருந்திருக்கும் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

கேள்வி: அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன் என்று பரவும் செய்தி உண்மையா?

உண்மையன்று. கட்டியவன் கம்போடியாவின் கெமர் இன அரசன்; அங்கோர் அரசர்களின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் உள்ளன. 'வர்மன்' என்ற பட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பல்லவர் வரை போவது அவசரம். உண்மையான தொடர்புக்குச் சான்றாக, காம்போஜ (கம்போடிய) அரசன் இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்பு நாடியதைச் சோழர் காலத்துக் கரந்தைச் செப்பேடு குறிப்பிடுகிறது. அதைவிட நெஞ்சைத் தொடும் சான்று ஒன்றை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: பந்தே ஸ்ரே தொலைவில் இருக்கிறதாமே? டுக்டுக் கூலிக்குத் தகுமா?

முக்கியக் கோயில் தொகுதியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால்கூட நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 967-இல் குடமுழுக்குக் கண்ட இச்சிவன் கோயிலை எழுப்பியவர் அரசர் அல்லர்; யக்ஞவராகர் என்னும் அரசகுரு. பிற கோயில்களின் பருமனை மனத்தில் வைத்துச் செல்பவர்கள் இதன் சிறிய அளவைக் கண்டு முதலில் ஏமாறுவார்கள். அருகே சென்றால், இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரச்செதுக்கல் போன்ற நுணுக்கம் ஆயிரம் ஆண்டு கடந்தும் மழுங்காமல் நிற்பது தெரியும். தெற்கு நூலகம் எனப்படும் சிறு கட்டடத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். மேற்கு முகப்பில் சிவன் மீது காமன் கணை தொடுக்கிறான்.

கிழக்குக் கோபுர வாயில் ஒன்றின் முகப்பில் ஆடும் சிவனின் காலடியில், வற்றிய உடலுடன் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். வழிகாட்டிகள் பெரும்பாலும் இவரைக் காட்டாமல் கடந்துவிடுவதால் நீங்களே கேட்டுப் பாருங்கள். காலையிலேயே சென்றுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கான செங்குத்துப் படிகளை மட்டும் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன சிற்பச் சுவர்கள் அனைத்தும் கீழ்ச்சுற்றிலேயே உள்ளன. டிசம்பர், சனவரி மாதங்கள் நல்லவை. ஏப்ரல் வெயில் இளைஞரையும் சாய்த்துவிடும்.

கேள்வி: உடைக் கட்டுப்பாடு உண்டா?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுடிதாரும் வேட்டி சட்டையும் ஏற்றவை.

கேள்வி: தா ப்ரோமில் மரங்களை ஏன் வெட்டவில்லை? மற்ற கோயில்களை மட்டும் எப்படிச் சீரமைத்தார்கள்?

1186-இல் ஏழாம் செயவர்மன் தன் தாயின் நினைவாக நிறுவிய தா ப்ரோமை, காடு கொண்ட கோலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டாக விட்டுவைப்பதெனப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முடிவெடுத்தனர். சாந்து இன்றி அடுக்கிய கற்களுக்கிடையே வேர் நுழைந்து சுவரைப் பிளந்தது உண்மை. இன்று அதே வேர்தான் பல இடங்களில் சுவரைத் தாங்கியும் நிற்கிறது என்பதால் மரத்தை அகற்றினால் கல்லும் சரியும். இப்போது இந்தியத் தொல்லியல் துறை அங்கே பழுதுபார்ப்புப் பணி செய்கிறது.

பிரித்து மீண்டும் அடுக்கிச் சீரமைக்கும் மாற்றுவழிக்குப் பாபுவோன் கோயிலைப் பாருங்கள். சீரமைப்புக்காகப் பிரித்து அடுக்கிய ஏறத்தாழ மூன்று இலட்சம் கற்களின் இடக்குறிப்புகள், 1970-களின் உள்நாட்டுப் போரிலும் கெமர் ரூஜ் என்னும் கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியிலும் அழிந்துபோயின. எந்தக் கல் எங்கே என்பதை மீண்டும் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து பொருத்தும் வேலை 2011-இல்தான் முடிந்தது. அருகிலுள்ள பாயோன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடும் தூரம்தான். மேற்குப் பக்கம் சுற்றிச் சென்று, பிற்காலத்தில் அக்கோயிலின் கற்களைக் கொண்டே அமைத்த படுத்த புத்தரின் உருவம் சுவரில் பிடிபடும் வரை சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.