களஞ்சியத்தில் வேலை எங்கே நிற்கிறது? – கேள்வி பதில்

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய், தம்பலகாமம் பக்கங்களிலும் களஞ்சியம் வைத்திருப்பவர்களும் அவற்றில் வேலை செய்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அரிசி, சீமெந்து, உரம், ஹாட்வெயார் சாமான் என்று பல களஞ்சியங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்த அனுபவத்தில் எழுதுவதால், சில இடங்களில் என் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (சீனக்குடா, உதவிக் களஞ்சியப் பொறுப்பாளர்): ஐயா, சாமான் வருவது முதல் வெளியே போவது வரைக்குமான செயன்முறையை வரைபடமாக வரைந்து தரும்படி எங்கள் முகாமையாளர் கேட்டிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது? இதற்கென்று கணினியில் ஏதாவது பழக வேண்டுமா?

பதில்: கணினி வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பென்சில், கையில் ஒரு மணிக்கூடு, இவை போதும். அலுவலகத்தில் இருந்துகொண்டு வரையாதீர்கள். அங்கிருந்து வரைந்தால் நடக்க வேண்டியதைத்தான் வரைவீர்கள், நடப்பதை வரைய மாட்டீர்கள். படலையடிக்குப் போய், உள்ளே வரும் முதலாவது லொறியைத் தெரிவுசெய்து, அது வெளியே போகும்வரை அதன் பின்னாலேயே நின்று ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பதற்கு ஐந்து அடையாளங்கள் போதுமானவை. வேலை நடந்தால் வட்டம், இடம் மாறினால் அம்பு, எண்ணிப் பார்த்தால் அல்லது சோதித்தால் சதுரம், காத்துக் கிடந்தால் ஆங்கில ‘டி’ எழுத்து, களஞ்சியத்தில் வைக்கப்பட்டால் தலைகீழ் முக்கோணம். பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் என்ற தம்பதியர் 1921ஆம் ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் இந்த வகை வரைபடத்தை முன்வைத்தார்கள். 1947இல் அதே சங்கம் அதை இந்த ஐந்து அடையாளங்களுக்குள் அடக்கி நியமமாக்கியது. நூறு ஆண்டு பழையது என்று ஒதுக்கிவிட வேண்டாம், எங்கள் ஊர் அரிசிக் களஞ்சியத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் இன்னும் காணவில்லை.

நான் ஒரு களஞ்சியத்தில் குறித்த கணக்கொன்றைத் தருகிறேன். ஐம்பது கிலோ அரிசி மூடை இருநூறுடன் ஒரு லொறி காலை 8.10க்குப் படலையைத் தாண்டியது. பில்லை வாங்கிப் பதிய வேண்டிய எழுதுவினைஞர் வங்கிக்குப் போயிருந்தபடியால் 9.00 மணி வரை லொறி நின்றது. பில்லையும் மாதிரி மூடைகளையும் பார்க்கப் பதினைந்து நிமிடம். உள்ளே இடம் இல்லை. பழைய மூடைகளை ஒதுக்கி முடிய 10.15. இறக்கி அடுக்க ஒன்றேகால் மணித்தியாலம். கணக்கில் இரண்டு மூடை குறைகிறது என்று தகராறு வந்து, மீண்டும் எண்ணி, சரியாகத்தான் இருக்கிறது என்று தெரியவர 12.00 மணி. அப்போது கையொப்பம் இட வேண்டியவர் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். லொறி வெளியேறியது 1.05க்கு.

மொத்தம் 295 நிமிடம். அதில் மூடை மீது கைபட்ட நேரமும் சரக்கை முதன்முறை சோதித்த நேரமும் சேர்ந்து 90 நிமிடம். திரும்ப எண்ணியது 30 நிமிடம். மிகுதி 175 நிமிடமும் லொறி சும்மா நின்றது. இதைப் பார்க்குமுன் அந்த முதலாளி இன்னும் நான்கு ஆட்களைச் சேர்த்து இறக்குகிற வேலையை விரைவுபடுத்துவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இறக்குவதைப் பாதி நேரத்தில் முடித்திருந்தால்கூட அவருக்கு மிச்சப்பட்டிருக்கக்கூடியது முப்பத்தேழு நிமிடம்தான். கையொப்பமிடும் அதிகாரத்தை இன்னொருவருக்கும் கொடுத்ததால் ஒரு சதமும் செலவில்லாமல் மிச்சப்பட்டது அறுபத்தைந்து நிமிடம்.

கேள்வி (கந்தளாய், நெல் கொள்வனவு செய்பவர்): அறுவடைக் காலத்தில் எங்கள் முற்றத்தில் எப்போது பார்த்தாலும் ஐந்தாறு லொறி நிற்கிறது. சாரதிகள் அரை நாள் போய்விடுகிறது என்கிறார்கள், எங்கள் ஆட்களோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எவரையும் மறிப்பதில்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் கேட்க வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தால் போதும். ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது: நிற்கும் சராசரி எண்ணிக்கையை, ஒரு மணித்தியாலத்தில் வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்று நிற்கும் சராசரி நேரம் வரும். உங்கள் முற்றத்தில் சராசரியாக ஆறு லொறி, எட்டு மணித்தியால வேலை நாளில் பன்னிரண்டு லொறி வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், மணித்தியாலத்துக்கு ஒன்றரை. ஆறை ஒன்றரையால் வகுக்க நான்கு மணித்தியாலம். சாரதிகள் சொல்வதுதான் உண்மை.

பெரும்போக நெல் மாசி, பங்குனியில் ஒரே மூச்சில் வந்து குவியும்போது வரிசையை முற்றாக ஒழிக்க முடியாது. ஆனால் ஈரப்பதனைச் சோதிப்பதை வரிசையின் கடைசியில் வைத்திருப்பதை உடனே மாற்றலாம். நான்கு மணித்தியாலம் காத்து நின்றவனிடம், நெல்லில் நூற்றுக்குப் பதினேழு ஈரம் இருக்கிறது, பதினான்குக்கு மேல் எடுக்க மாட்டோம், கொண்டுபோய்க் காயவை என்று சொல்வது அவனுக்கும் அநியாயம், உங்கள் முற்றத்துக்கும் வீண் சுமை. மானியைப் படலையடியில் வையுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகர், மொத்த வியாபார நிலையம்): மூடை சுமக்கும் நாட்டாமிகள் எந்த மாற்றத்துக்கும் ஒத்துழைக்கிறார்கள் இல்லை. மூடைக் கணக்குக்குக் கூலி வாங்குபவர்களிடம் செயன்முறை என்று பேசி என்ன பயன்?

பதில்: மூடைக் கணக்குக்குக் கூலி வாங்குபவர்தான் உங்களுக்கு முதல் கூட்டாளி. லொறி நிற்கும் நேரத்துக்கு மாதச் சம்பளக்காரருக்கு நட்டம் இல்லை. நாட்டாமிக்கு அன்றைய உழைப்பே போய்விடுகிறது. எங்கே வேலை முடங்குகிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் அலுவலகத்தில் எவருக்கும் தெரியாத மூன்று காரணங்களையாவது ஒரு தேநீருக்குள் சொல்லிவிடுவார்கள். வரைந்த படத்தையும் முதலில் அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் தயங்குவது பெரும்பாலும் மாற்றத்தின் பேரில் கூலி குறைந்துவிடும் என்ற அச்சத்தினால். கூலிக் கணக்கில் கை வைப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டின் விதப்புரையிலேயே கூறியிருக்கிறது. ஐம்பது கிலோ மூடை அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. எனவே ஆளின் தலைக்கு மேலே போகும் அடுக்குகளைத் திட்டமிடும்போது, கடைசி வரிசைகளை எவ்வாறு ஏற்றுவது என்பதையும் சேர்த்தே வரையுங்கள்.

கேள்வி (கிண்ணியா, ஹாட்வெயார் வியாபாரி): சேர், நானூறு வகைச் சாமான் இருக்கிறது. முக்கியமானது முதலில் வரும்படி ‘ஏ, பி, சி’ என்று பிரித்து அடுக்கச் சொன்னார்கள். அப்படியே செய்தோம், ஆனால் பொடியன்களின் நடை குறையவில்லை.

பதில்: நீங்கள் விலையை வைத்துப் பிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பார்த்த ஒரு கடையில் தண்ணீர் மோட்டார்களையெல்லாம் ‘ஏ’ என்று வாசலண்டை வைத்துவிட்டு, அரை அங்குல எல்போவைக் கடைசி இறாக்கையில் போட்டிருந்தார்கள். மோட்டார் வாரத்துக்கு இரண்டு போகும். எல்போவுக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடக்க வேண்டும். விலைப்படி பிரிப்பது எதைக் கவனமாக எண்ண வேண்டும், எதற்குப் பூட்டுப் போட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும். எதை எங்கே வைப்பது என்பதற்கோ, எத்தனை தடவை ஆள் அதைத் தேடிப் போகிறான் என்பதே அளவுகோல்.

ஒரு மாதத்துப் பில் புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு சாமானும் எத்தனை பில்லில் வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். எத்தனை துண்டு விற்றது என்பது இங்கே முக்கியமில்லை. நானூறில் அறுபது, எழுபது வகை மட்டும் மிகப் பெரும்பாலான பில்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அவற்றை மேசைக்கு அருகில், முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். சேர்ந்தே போகிற சாமான்களை, உதாரணமாகக் குழாயையும் அதை ஒட்டும் பசையையும், வகை வேறு என்று பார்க்காமல் பக்கத்தில் வையுங்கள். மாரி தொடங்குமுன் கூரைத்தகடும் அதன் ஆணியும் தறப்பாளும் போகிற வேகம் வேறு, சித்திரையில் வேறு; ஆகவே ஆண்டுக்கு இரண்டு தடவை இடம் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி (தம்பலகாமம்): மழைக் காலத்தில் சீமெந்து மூடை கட்டிபட்டுப் போகிறது. இதுவும் செயன்முறைப் பிழையா, கட்டடப் பிழையா?

பதில்: இரண்டும். கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக: மூடைகள் நிலத்தில் படாமல் பலகைத் தட்டின் மேல் இருக்கட்டும், சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடந்து போகும் இடைவெளி இருக்கட்டும், பத்து மூடைக்கு மேல் அடுக்க வேண்டாம்.

செயன்முறைப் பிழை என்னவென்றால், புதிய மூடைகளைப் பழையவற்றுக்கு முன்னால் அடுக்குவது. ஆள் முன்னால் இருப்பதைத்தான் எடுப்பான், பின்னால் இருப்பது ஐப்பசியில் வந்தது தை வரை கிடந்து கல்லாகிவிடும். அடுக்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மட்டும் வெளியே கொடுத்து, அது முற்றாக முடிந்த பின்னரே மற்றதைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் எவரும் திகதி பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மா, பிஸ்கட் போன்றவற்றுக்கு மட்டும் வந்த நாளைப் பார்க்காமல் காலாவதித் திகதியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், ஏனெனில் பின்னர் வந்த பெட்டியில் முந்திய திகதி இருப்பது வழக்கம்.

எங்கள் கரைக்கு வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் கொட்டும்போது வாடைக் காற்றில் சாரல் இறங்குமேடை முழுவதும் அடிக்கும். ஆவணியில் வரைந்த படம் அப்போது செல்லாது. மாரிக்கென்று தனிப் படம் ஒன்று வரையுங்கள்: மழை பெய்தால் எந்தச் சாமானை இறக்குவதில்லை, லொறி எங்கே ஒதுங்குவது, எந்தக் கதவு மூடப்படும் என்று.

கேள்வி (மூதூர், கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர்): ஐயா, இருப்பட்டையில் (ஒவ்வொரு சாமானின் வரவையும் செலவையும் எழுதும் அட்டை) ஒரு கணக்கு, கணினியில் ஒரு கணக்கு, தட்டில் வேறொரு கணக்கு. ஆண்டு முடிவில் எண்ணும்போது என் தலையில்தான் விழுகிறது.

பதில்: தங்கை, உங்கள் தலையில் விழுவது நியாயமில்லை என்பதைப் படமே காட்டிவிடும். சாமான் தட்டிலிருந்து எடுக்கப்படும் நேரத்தையும் அது பதியப்படும் நேரத்தையும் ஒரே தாளில் குறியுங்கள். காலை ஒன்பதுக்கு எடுத்தது மாலை நாலரைக்குப் பதியப்படுமானால், இடையில் உள்ள ஏழரை மணித்தியாலமும் உங்கள் கணக்கு பொய் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். இருப்பட்டையைத் தட்டிலேயே தொங்கவிட்டு, எடுப்பவரே அந்த இடத்தில் எழுதும்படி செய்யுங்கள். அடுத்ததாக அலகைப் பாருங்கள்: வந்தது பெட்டிக் கணக்கில், போனது துண்டுக் கணக்கில் என்றிருந்தால் பிழைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஆண்டு முடிவுவரை காத்திராமல் நாளுக்குப் பத்து வகையை எண்ணினால், பிழை நடந்த கிழமைக்குள்ளேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): எந்த மென்பொருளை வாங்கலாம்?

பதில்: உங்கள் களஞ்சியத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ‘ஆ-3-2’ என்பதுபோல ஓர் இடக்குறி எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத சாமானை எந்த மென்பொருளும் தேடித் தராது.

கேள்வி (திருகோணமலை நகர், விநியோகஸ்தர்): கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகும் எங்கள் லொறிகள் எல்லாம் முதல் நாள் மாலையே ஏற்றப்பட்டு விடிய ஒன்றாக வெளியேறுகின்றன. மாலையில் ஒரே நெரிசல், மேலதிக நேரக் கொடுப்பனவு வேறு. இதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: ஏன் விடியவே வெளியேற வேண்டும் என்று உங்கள் களஞ்சியத்தின் பழைய ஆளிடம் கேட்டீர்களா? இதே வழக்கம் இருந்த ஓர் இடத்தில் நான் கேட்டபோது, “துறையில் பாதைப்படகுக்கு வரிசை பிடிக்க வேண்டுமே” என்று பதில் வந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டுவிட்டது. 396 மீற்றர் பாலத்தை லொறி ஒரு நிமிடத்தில் கடக்கிறது. பாதைப்படகு நின்ற பிறகும் அதற்காக ஏற்பட்ட நேர அட்டவணை ஆண்டுக்கணக்கில் அந்தக் களஞ்சியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ‘இது எதற்காக?’ என்று எழுதி, பதில் கிடைக்காதவற்றுக்குச் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள்.

உங்கள் விடயத்தில், தூரத்து மூதூர் லொறியை மட்டும் மாலையில் ஏற்றி, கிண்ணியா லொறிகளைக் காலை ஏழு, ஒன்பது என்று இரண்டு தடவையாக ஏற்றிப் பாருங்கள். கடைசியாக இறக்க வேண்டிய கடையின் சாமானை முதலில் ஏற்றும்படி பில்களை முன்கூட்டியே வழி ஒழுங்கில் அடுக்கிக் கொடுத்தால், வழியில் சாமானைப் புரட்டித் தேடுகிற வேலையும் போகும்.

கேள்வி (உப்புவெளி, ஹோட்டல் களஞ்சியப் பொறுப்பாளர்): இப்படி ஒரு படம் வரைந்து முடிக்க எத்தனை நாள் பிடிக்கும்?

பதில்: உங்கள் அளவுக்கு மூன்று நாள். ஒரு சாதாரண நாள், மரக்கறியும் மீனும் ஒன்றாக வந்து இறங்கும் ஒரு நெரிசலான நாள், பொறுப்பாளர் விடுமுறையில் நிற்கும் ஒரு நாள். மூன்றாவது நாளைக் குறிக்க வேறொருவரிடம் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.