பழைய ஜீப்: கறளும் பெயின்டும் – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்கள் பஜெரோ 1993ஆம் ஆண்டுடையது. வீடு கடற்கரையை ஒட்டி. பின் சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் கதவுகளின் அடியிலும் கறள் பிடித்ததால் போன வருடம் தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துத் தந்தார்கள். மாரி முடிவதற்குள் அதே இடங்கள் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டன. விலை கூடிய பெயின்ட் வாங்கி அடித்தால் தாங்குமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: தாங்காது. உங்கள் கறள் வெளியிலிருந்து வந்ததல்ல, தகட்டின் உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்தது. பின் வளைவில் வெளித் தகடும் உள் தகடும் விளிம்பில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கும். சில்லு வாரி எறியும் கடற்கரை மண் அந்தச் சந்தில் போய் அடைந்துவிடும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கசியத் தொடங்கும். குசினியில் மூடாமல் வைத்த உப்புச் சாடியைப் பார்த்தால் தெரியும். வாடைக் காற்று வீசும் மாதங்களில், மழையே இல்லாத இரவிலும் அந்தச் சந்து நனைந்துதான் கிடக்கும். போதாததற்கு, வெறும் தகட்டில் பூசிய பட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

முதலில் சேதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வளைவின் மேல் ஓட்டுங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது, அல்லது தகடே இல்லை. கதவு அடியை ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கண்ணாடி ரப்பர்களையும் கழற்ற வேண்டும், அவற்றுக்கு அடியில் கறள் ஒளிந்திருப்பது வழக்கம்.

அடுத்தது கிரைண்டர் அல்ல, தண்ணீர். நல்ல தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வேகமாகப் பாய்ச்சி மண் முழுவதையும் வெளியேற்றுங்கள். பிறகு தேய்த்து, தகடு பளபளத்ததும் ஓர் இரவு கூரைக்குக் கீழே விடுங்கள். காலையில் ஊசிமுனை அளவில் கறுப்பு, மண்ணிறப் புள்ளிகள் தெரிந்தால், குழிகளுக்குள் உப்பு இன்னும் இருக்கிறது. திரும்பக் கழுவி, காயவைத்து, திரும்பத் தேய்க்க வேண்டும். பல கராஜ்களில் இந்த ஓர் இரவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஓட்டை விழுந்த இடத்தை நல்ல தகடு வரும்வரை, அதற்கு மேலும் 2 செ.மீ. சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். ஒட்டுத் தகடு 0.8 அல்லது 0.9 மி.மீ. இருந்தால் போதும். கம்பி தானாக ஓடிவரும் மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போட்டு, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக, ஒரு புள்ளி இந்தப் பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். காஸ் வெல்டிங் என்றால் சூட்டில் தகடு அலை அலையாக நெளியும், அதை மறைக்கப் பட்டி தடிப்பாகும், தடித்த பட்டி வெடிக்கும். வெல்டிங்குக்கு முன் பற்றரியின் மறை வயரைக் கழற்றி, உள் விரிப்பையும் எடுத்துவிடுங்கள். டீசல் நிரப்பும் குழாய் பின் வளைவுக்குப் பக்கத்தாலேயே போகிறது, அந்தப் பக்கம் வேலை என்றால் அதையும் கழற்றாமல் நெருப்பு வைக்க விடாதீர்கள்.

இனி வெறும் தகட்டில் நேரே பட்டி போடக்கூடாது. எபொக்சி பிரைமர் (தகட்டில் ஒட்டி ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) இரண்டு பூச்சு அடித்து, காய்ந்ததும் 80 நம்பர் பேப்பரால் கீறல் விழத் தேய்த்து, அதன் மேல்தான் பட்டி. தேய்த்து முடிந்தபின் 3 மி.மீ.க்கு மேல் தடிப்பு இருந்தால் தகட்டைத் தட்டியது போதாது என்று அர்த்தம். 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் 2 கிராம். கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும்தான், ஆனால் மிஞ்சிய ஹார்டனர் பிறகு பெயின்டுக்குள் ஊறி மஞ்சள் கறையாக எழும்பும். எங்கள் வெயிலில் 4, 5 நிமிடத்தில் கட்டியாகிவிடும் என்பதால் உள்ளங்கை அளவாகக் கலந்து பூசுங்கள். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே வேண்டாம்.

பெயின்ட் முடிந்தபின் கதவுகளுக்கும் வளைவுக்கும் உள்ளே, இதற்கென்று விற்கும் மெழுகை நீண்ட குழாயால் விசிறுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். பழைய என்ஜின் ஒயிலை அடியில் அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், ரப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டுவிடும். கறளின் மேல் தார் பூசுவது அதைவிட மோசம், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

கேள்வி: அலுமினியம் உடம்பு, கறளே பிடிக்காது என்று சொல்லிப் பழைய லேண்ட் ரோவர் ஒன்றை விற்றார்கள். இப்போது கதவு ஓரங்களில் பெயின்ட் உப்பி, வெள்ளைப் பொடி கொட்டுகிறது. இது என்ன?
– வாசகர், கிண்ணியா

பதில்: உடம்பு அலுமினியக் கலவைதான், ஆனால் கதவுச் சட்டம் இரும்பு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு நீர் போனால் ஒரு சின்னப் பற்றரி மாதிரி மின்னோட்டம் ஓடும். அதில் கரைவது அலுமினியம். அந்த வெள்ளைப் பொடி அதன் கறள்.

தகட்டைச் சட்டத்திலிருந்து பிரிக்காமல் இதற்கு மருந்து இல்லை. பிரித்து, இரும்புக்கு எபொக்சி அடித்து, திரும்பப் பூட்டும்போது நடுவில் காப்பு நாடாவும் போல்ட்டுகளுக்கு நைலோன் வாசரும் வையுங்கள். இரும்புக் கம்பி பிரஷ்ஷால் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள், இரும்புத் துகள் பதிந்து அதுவே புதிய வியாதியாகும். தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும், விட்டால் திரும்பவும் ஒக்சைட் படியும்.

நெளிவு எடுக்கும்போது அலுமினியம் தட்டத் தட்ட இறுகி வெடிக்கும். சலவைச் சவர்க்காரத்தால் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, தீச்சுடரைத் தூரப் பிடித்து மெல்லச் சூடாக்குங்கள். கோடு கறுத்த கணம் சுடரை எடுத்துவிட வேண்டும், ஆறியதும் தகடு இளகித் தட்ட வாகாக இருக்கும். இரும்பு போல் இது சிவந்து எச்சரிக்காது, திடீரென்று உருகி ஓட்டை விழுந்துவிடும். முதலில் ஒரு கழிவுத் துண்டில் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொம்பிரசர் இருக்கிறது. வீட்டு முற்றத்திலேயே எங்கள் ஜீப்புக்குப் பெயின்ட் அடிக்கலாமா? எந்த மாதம், எவ்வளவு பெயின்ட்?
– வாசகர், உவர்மலை

பதில்: மாரியில் வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, ஈரக் காற்று அதில் பனியாகப் படியும். பெயின்ட் பால் ஊற்றியது போல் வெளுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஆனால் கச்சான் காற்று எழும்பினால் முற்றத்துத் தூசு முழுவதும் பொனெட்டில்தான் வந்து இறங்கும். ஆகவே பனி உலர்ந்தபின், கச்சான் எழும்ப முதல் அடித்து முடியுங்கள். நான்கு பக்கமும் பொலித்தீன் கட்டி, நிலத்தை நனைத்து வையுங்கள்.

நீளமான ஐந்து கதவு ஜீப்புக்கு உத்தேசமாக எபொக்சி 2 லீற்றர், டூகே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பிரைமர் 4, நிறம் 4, கிளியர் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற டூகே பூச்சு) 4, கிளியருக்கு ஹார்டனர் 2 லீற்றர். ஸ்பிரே கன்னில் பிரைமருக்கு 1.7 மி.மீ. முனை, நிறத்துக்கும் கிளியருக்கும் 1.3. பிரைமரை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் சமப்படுத்துங்கள். கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முந்தைய வரியின் பாதியை அடுத்த வரி மூட ஓட்ட வேண்டும். சூட்டுக்கு ஏற்ற, மெதுவாகக் காயும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள். கொம்பிரசர் தாங்கியின் தண்ணீரைத் தொடங்க முன்னும் இடையிலும் திறந்து விடுங்கள். மீன்கண் போல் வட்டக் குழி விழுந்தால், ரயர் பொலிஷிலுள்ள சிலிக்கன்தான் பெரும்பாலும் காரணம்.

டூகே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க், தூசு மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாயால் காற்று வரும் முகமூடி இல்லையென்றால் டூகே பிரைமர், கிளியர் ஆகிய இரண்டு கட்டத்தையும் பெயின்ட் அடிக்கும் பூத் (மூடிய அறை) உள்ள கராஜுக்கு விட்டுவிடுங்கள். தேய்க்கும் வேலையை வீட்டில் செய்தாலே செலவில் பெரும்பகுதி மிஞ்சும்.

கேள்வி: வெள்ளை ஜீப்பைப் பச்சையாக்க விருப்பம். ஏதும் சிக்கல் உண்டா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: பதிவுச் சான்றிதழில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அதைத் திருத்த வேண்டும். கதவு இடுக்கு, என்ஜின் அறை எல்லாம் மாற்றாவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதற்கு நிறம் இன்னும் ஒரு லீற்றர் கூட வாங்குங்கள்.