மேதானில் மனைவி பெயரில் வீடு: ஏஜென்ட் சொல்வதைக் கேட்கலாமா?

கேள்வி: எனக்குத் திருப்பூர், பின்னலாடைத் தொழில். மனைவி இந்தோனேசியாவில் உள்ள மேதானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், இந்தோனேசியக் குடியுரிமை. இரண்டு வருடம் முன்பு திருப்பூரில் கல்யாணம் செய்து பதிவும் செய்தோம். இப்போது மேதானில் ஒரு ரூக்கோ (கீழே கடை, மேலே வீடு) வாங்கி வியாபாரம் தொடங்க ஆசை. ‘இடத்தையும் கம்பெனியையும் மனைவி பெயரில் போடுங்கள். அவரிடம் ஒரு கடன் பத்திரமும் ரத்து செய்ய முடியாத பவரும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய அடையாள அட்டையில் கல்யாணம் ஆகாதவர் என்றே இருக்கட்டும், அதுதான் வசதி’ என்கிறார் ஏஜென்ட். மனைவி பெயரில் வாங்குவது பினாமி ஆகாதே, செய்யலாமா?

பதில்: அவர் சொன்ன வழியில் வேண்டாம். ரூக்கோவே வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. வாங்கலாம், ஆனால் வேலைகளின் வரிசையை மாற்ற வேண்டும்.

முதலில் அந்தப் பினாமி விஷயம். நம் ஊர்ச் சட்டத்தில், கணக்கில் உள்ள பணத்தைக் கொண்டு மனைவி பெயரில் சொத்து வாங்கினால் அது பினாமியில் சேராது என்று விலக்கு இருக்கிறது. அந்தத் தைரியத்தைக் கப்பல் ஏற்றி மேதானுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கேட்கும் கேள்வியே வேறு: நிலத்தில் வெளிநாட்டவருக்குப் பங்கு போகிறதா? 1960-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், முழு உரிமையான ‘ஹக் மிலிக்’கை இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. 1974-ஆம் ஆண்டின் திருமணச் சட்டமோ, கல்யாணத்துக்குப் பிறகு சேரும் சொத்து இருவருக்கும் பொது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் மனைவி வாங்கும் ரூக்கோவில் நீங்கள் கையெழுத்தே போடாவிட்டாலும் பாதி உங்களுடையது. நீங்கள் வெளிநாட்டவர். அதனால் அவராலும் அதை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வருடத்துக்குள் கைமாற்றாவிட்டால் உரிமை போய் நிலம் அரசாங்கத்திடம் சேரும். சொந்த நாட்டில், சொந்தக் குடியுரிமையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு, யாரைக் கட்டிக்கொண்டார் என்பதற்காக இந்தக் கதி!

இதைப் பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. தப்பிக்க அப்போது இருந்த ஒரே வழி, சொத்து தனித்தனி என்று கல்யாணத்துக்கு முன்போ கல்யாணத்தன்றோ ஒப்பந்தம் எழுதுவது. தாலி கட்டும் அவசரத்தில் யார் நிலச் சட்டத்தை நினைக்கிறார்கள்? கடைசியில், ஜப்பானியரை மணந்த இந்தோனேசியப் பெண் ஒருவர், அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்க முடியாமல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். 2016 அக்டோபர் 27 அன்று தீர்ப்பு வந்தது. கல்யாணம் ஆன பிறகும், தம்பதியாக இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் அந்த ஒப்பந்தத்தை எழுதலாம்.

உங்களுக்கான கதவு இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதையும் பாதியாகச் சொல்லி விற்கிறார்கள். ஒப்பந்தத்தை அங்குள்ள நோட்டாரிஸ் எழுத வேண்டும். நம் ஊரில் கோர்ட் வாசலில் முத்திரை குத்துபவரை மனதில் வைக்காதீர்கள். அங்கே அவர் அமைச்சர் நியமிக்கும் அதிகாரி, அவர் எழுதும் ஆவணத்துக்குத் தனி மதிப்பு. எழுதினால் மட்டும் போதாது, குடிமைப் பதிவு அலுவலகத்தில் ஏற்ற வேண்டும். அங்கே ஏற்ற, முதலில் உங்கள் கல்யாணமே அவர்கள் ஏட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் கல்யாணம் செய்தவர்கள் ஊர் திரும்பி ஒரு வருடத்துக்குள் அங்கே பதிய வேண்டும் என்பது திருமணச் சட்டம். ஆக, திருப்பூர் பதிவுச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு தரும் அத்தாட்சி, வாங்குங்கள் (இந்தோனேசியாவில் அந்த ஏற்பாடு 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியிருந்தது). அங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். கோயில் ரசீதும் ஆல்பமும் எடுபடாது.

அப்புறம், ஒப்பந்தத்தில் வேறு தேதி குறிப்பிடாவிட்டால் அது கல்யாண நாளிலிருந்தே செல்லும். இதைப் பிடித்துக்கொண்டுதான் ‘இப்போது வாங்கிவிடுவோம், ஒப்பந்தத்தைப் பின்னால் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார்கள். ஆகாது. கடன் கொடுத்தவர் போன்ற மூன்றாம் ஆளின் உரிமையை அது கெடுக்க முடியாது. ஏற்கெனவே ‘கல்யாணம் ஆகாதவர்’ என்று பொய் சொல்லி எழுதிய கிரயப் பத்திரத்தையும் அது கழுவித் தராது. ஒப்பந்தம் முதலில், கிரயம் பிறகு. மாற்றிச் செய்தவர்கள் என்னிடம் வரும்போது, நான் செய்யக்கூடியது பெரும்பாலும் அனுதாபப்படுவதுதான்.

அந்த அடையாள அட்டை யோசனைதான் இருப்பதிலேயே மோசம். அதிகாரபூர்வ ஆவணத்தில் பொய்த் தகவல் எழுத வைப்பது அங்கே குற்றம். எழுத வைத்தவர் யார்? ஏஜென்ட் இல்லை, உங்கள் மனைவி. கமிஷனை வாங்கிக்கொண்டு ஏஜென்ட் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். விசாரணைக்குப் போய் நிற்பது மனைவிதான்.

இந்த மாதிரித் தரகர்களை அங்கே ‘சாலோ’ என்பார்கள். பெயரை இரவல் வாங்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘பிஞ்சாம் நாமா’. பிஞ்சாம் என்றால் இரவல், நாமா என்றால் பெயர். கடைசியில் யாருக்கு நாமம் என்பதுதான் கேள்வி. சாலோ கொடுக்கும் கட்டு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: ஒரு கடன் பத்திரம், ஒரு பவர், பக்கத்தில் ஒரு நீண்ட குத்தகை. ரத்து செய்ய முடியாத பவரை வைத்து நிலம் மாற்றுவதை 1982-லேயே உள்துறை அமைச்சர் உத்தரவு தடை செய்துவிட்டது. நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு ஹக் மிலிக் போகும்படி செய்த எதுவும் செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணமும் திரும்பாது என்கிறது நிலச் சட்டம். நோட்டாரிஸ் முத்திரை இருந்தாலும் இதே கதிதான்.

கம்பெனி விஷயமும் இப்படியே. 2007-ஆம் ஆண்டின் முதலீட்டுச் சட்டம், ‘இந்தப் பங்குகள் உண்மையில் இன்னொருவருடையவை’ என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. உங்கள் பணத்தை மனைவிக்கு உண்மையிலேயே கொடுத்து, கம்பெனி அவருடையதாகவே இருக்கட்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பின்வாசலில் ஒரு பத்திரம் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. உங்கள் பெயரிலும் பங்கு வேண்டும் என்றால் வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிதான் வழி. அதற்கு நிலம், கட்டடம் நீங்கலாக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். செலுத்த வேண்டிய மூலதனத்தை மட்டும் 2025-இல் 250 கோடி ரூப்பியாவாகக் குறைத்தார்கள். ஒரு ரூக்கோ கடைக்கு இது பெரிய தொகை என்பது எனக்கும் தெரியும். சின்ன வியாபாரிக்கு நேர்வழியில் இவ்வளவு அகலமான பள்ளத்தைத் தோண்டிவிட்டு, சாலோக்கள் பெருகுகிறார்களே என்று அமைச்சகம் ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

மனைவி இயக்குநராக இருந்தால் தவறுகளுக்கு அவரே சொந்தப் பொறுப்பு என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நோட்டாரிஸை ஏஜென்ட் கூட்டி வரக்கூடாது. உங்கள் மனைவியே தேர்ந்தெடுக்கட்டும், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். சொத்து தனித்தனி என்றால் ரூக்கோ முழுக்க அவருடையது, உங்களுக்கு அதில் பாத்தியதை இல்லை. அதை ஏற்க மனமில்லாவிட்டால் வாடகைக்கு எடுங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ரசீது யார் பெயரில் இருக்கிறது, பணம் இடத்துக்காரரிடம் போனதா, ஏஜென்ட்டிடமே நிற்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஏஜென்ட்டிடம் இருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், ஒப்பந்த வேலையைப் பிறகு தொடங்கலாம்.