பெயர் போட்டுத் தனித்தனியா?

கேள்வி: ரப்பர் தோட்டத்தை விட்டு எல்லாரும் சிதறிப் போனாலும் பழைய கோயில் திருவிழாவுக்கு மட்டும் கூடிவிடுவோம். அதற்கான வாட்ஸ்அப் குழுவில் 600 பேர். அறிவிப்பைக் குழுவில் போட்டால் காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவே யார் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுத் தனியாக, தானாகவே செய்தி அனுப்ப ஒரு மென்பொருள் இருக்கிறது என்கிறான் அண்ணன் மகன். போடலாமா?
- கோயில் செயலாளர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வேண்டாம் ஐயா. அவன் சொல்வது, கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் தட்டுவது போலவே அதுவாகத் தட்டும் சரக்கு. மொத்தமாகவும் தானியங்கியாகவும் இப்படி அனுப்புவதை வாட்ஸ்அப் விதிகள் அனுமதிப்பதில்லை, எண்ணையே முடக்கிவிடலாம். கோயில் கணக்கு, பேங்க், பேரப்பிள்ளை படம் எல்லாம் அந்த ஒரே எண்ணில்தானே ஓடுகிறது? பெயரிலும் ஒரு வில்லங்கம். உங்கள் போனில் சேமித்திருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டால் 'வணக்கம் லாரி மாமா' வரைக்கும் சரி, 'வணக்கம் கடன் பாக்கி' என்று ஒருவருக்குப் போனால் அவர் திருவிழாவுக்கு வருவாரா?

வாட்ஸ்அப்பிலேயே பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை, ஆக உங்களுக்கு மூன்று பட்டியல். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போய் விழும், பதிலும் உங்களுக்கு மட்டும்தான் வரும். பெயர் இருக்காது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதால், முதலில் குழுவில் 'என் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று நான்கு தடவையாவது கத்துங்கள்.

பெயரோடுதான் வேண்டும் என்றால் டெலிகிராம் பாட் (bot), அதாவது டெலிகிராம் செயலிக்குள் தானாகச் செய்தி அனுப்பும் நிரல்; அதை அண்ணன் மகனே எழுதட்டும். விநாடிக்கு ஏறக்குறைய 30 செய்தி அனுப்பலாம், 600 பேருக்கு 20 விநாடி. ஆனால் பாட் தானாகப் போய் யாரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது, அவர்தான் முதலில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்க வேண்டும். மரம் சீவிய காலத்துப் பாட்டிகளை அமுக்க வைப்பதற்குள் அடுத்த வருடத் திருவிழா வந்துவிடும், அது வேறு கதை.

அப்புறம், நன்கொடை பாக்கியை எந்த மென்பொருளிடமும் விடாதீர்கள். தம்பி கையில் 50 வெள்ளி கொடுத்தனுப்பி, அது இன்னும் ரசீதில் ஏறாத ஓர் அக்காவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நினைவூட்டல் போனால் குடும்பமே கிளம்பி வரும். அதை மட்டும் போன் போட்டே கேளுங்கள்.