முன்னாள் அமைச்சர் மேல் வழக்கு மேல் வழக்கு, நாங்கள் வாங்கிய மனைக்கு என்ன ஆகும்?

வாசகர் கேள்வி: 2018-ல் ஒரு புரமோட்டர் கம்பெனியிடம் மனை வாங்கினோம். பத்திரத்தில் 18 லட்சம், உண்மையில் கொடுத்தது 31 லட்சம், மீதியெல்லாம் ரொக்கம். அந்தக் கம்பெனியே ஒரு முன்னாள் அமைச்சரின் பினாமி என்று இப்போது செய்தி வருகிறது. பதவி போனதிலிருந்து அவர் மேல் லஞ்ச ஒழிப்பு, வருமான வரி, அமலாக்கத் துறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வழக்கு. எங்களுக்கு மனையைக் காட்டிய அதே புரோக்கர் வந்து, "உடனே மச்சான் பெயருக்கு எழுதி வெச்சிடுங்க. டெல்லியில ஆள் இருக்கு, 2 லட்சம் குடுத்தா லிஸ்ட்ல இருந்து உங்க சர்வே நம்பரை எடுத்துடலாம்" என்கிறார். அமைச்சருக்கு உடம்பு சரியில்லையாம், அவர் போய்விட்டால் கேஸ் முடிந்துவிடும் என்று வேறு சொல்கிறார். மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்றிருந்தோம். என்ன செய்வது?

பதில்:

முதல் வேலையாகப் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் சொல்லும் 'லிஸ்ட்' என்று ஒன்று கிடையாது. சொத்தை முடக்குவது எழுத்துப்பூர்வமான உத்தரவால் நடக்கிறது, அதில் அதிகாரி கையெழுத்து, தேதி, சர்வே எண், காரணம் எல்லாம் இருக்கும், அதை ரத்து செய்வதும் இன்னொரு உத்தரவால்தான். நடுவில் 2 லட்சம் வாங்கிக்கொண்டு அழிரப்பர் வைத்து அழிக்கும் ஆள் டெல்லியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. ஒரு தலைவர் மேல் வழக்குகள் குவிய ஆரம்பித்தால் இந்தக் கூட்டமும் கூடவே கிளம்பிவிடும். விற்றபோது கமிஷன் வாங்கினார், இப்போது பயத்தை விற்று இன்னொரு கமிஷன்.

மச்சான் பெயருக்கு எழுதும் யோசனை இதைவிட மோசம். இன்றைக்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஒரு சாதாரண ஆள். செய்தி வந்த மறுவாரமே மனையைக் கைமாற்றினால், ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவில், குற்றப் பணத்தில் வந்த சொத்து என்று தெரிந்தே அதை மறைக்க உதவுவதும் குற்றம், தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை. சாட்சியாக நிற்க வேண்டியவர் தானாகப் போய் குற்றவாளிக் கூண்டில் ஏறுவானேன்? இன்னொன்று, செட்டில்மென்ட் எழுதினால் குடும்பத்துக்குள் சலுகைக் கட்டணம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். அந்தக் குடும்பக் கணக்கில் மச்சான் வரமாட்டார். முழு முத்திரைத் தீர்வையையும் கட்டி வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்.

அடுத்து, எல்லாரும் குழப்பிக்கொள்ளும் விஷயம். ஆள் மேல் நடக்கும் வழக்கு வேறு, மண் மேல் நடக்கும் வழக்கு வேறு. அமைச்சர் மேல் எத்தனை வழக்கு, ஜாமீன் கிடைத்ததா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா என்பதெல்லாம் டிவிக்கு. உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு ஏதாவது துறை முடக்க உத்தரவு போட்டிருக்கிறதா? பதிவுத்துறை இணையதளத்தில் இன்றைக்கே வில்லங்கம் (ஈசி, அதாவது மனை மேல் பதிவான பத்திரங்கள், முடக்கங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். இணையத்தில் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது, நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சார்பதிவாளருக்குத் தகவல் வந்து அவர் பதிந்தால்தான் அது வில்லங்கத்தில் ஏறும். தாமதமாக வந்தால் தாமதமாகத்தான் ஏறும். கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்குகூட நம் ஊர் வில்லங்கத்தில் தானாகத் தெரியாது. 'ஈசி கிளியர் சார்' என்ற வாக்கியத்தை வைத்து எத்தனை குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்! அந்தக் கம்பெனி பெயரில் பத்திரம் வாங்கிய பக்கத்து மனைக்காரர்களிடம் பேசுங்கள், யாருக்காவது நோட்டீஸ் வந்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

'ஆள் போய்விட்டால் கேஸ் முடிந்துவிடும்' என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. நாம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு 1991 முதல் 1996 வரையிலான காலத்துக்கானது. 2014-ல் பெங்களூரு தனி நீதிமன்றம் 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது, 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2016 டிசம்பரில் அவர் இறந்தார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது என்றது. அந்த 100 கோடியை வசூலிக்கக் கர்நாடக அரசு போட்ட மறுஆய்வு மனுவும் தள்ளுபடி ஆனது. சரி, கேஸ் முடிந்ததா? சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறைக்குப் போனார்கள், ஆறு கம்பெனிகள் பெயரில் இருந்த நிலங்களைப் பறிமுதல் செய்த உத்தரவும் நின்றது. வாரிசுகள் சொத்தைக் கேட்டுப் போனதை 2025 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் நிராகரித்தது. அடுத்த மாதம் 27 கிலோ தங்க நகைகளும் 1,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் ஆவணங்களும் தமிழக அரசின் கைக்கு வந்தன. முதல் புகாரிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 29 ஆண்டு. இப்படி ஒரு வேகத்தில் நீதி நடந்தால், நடுவில் அந்த நிலத்தில் ஒரு மனை வாங்கியவன் பேரன் எடுத்திருப்பான்.

அதே தலைவரின் போயஸ் கார்டன் வீடு மட்டும் வாரிசுகளுக்குப் போனதே என்று கேட்பீர்கள். அது 1967-ல் வாங்கியது, வழக்குக் காலத்துக்கு ரொம்ப முந்தையது. அரசு அதைக் கையகப்படுத்தியதையும் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. யார் சொத்து என்பதோடு எப்போது, எந்தப் பணத்தில் வந்தது என்பதையும் கோர்ட் பார்க்கும். உங்கள் விஷயத்தில் அமலாக்கத் துறை வழக்காக இருந்து, குற்றம் சாட்டப்பட்டவர் இறந்து, விசாரணை நடத்த முடியாமல் போனாலும், சொத்தை என்ன செய்வது என்று தனி நீதிமன்றம் முடிவு செய்ய பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 8(7) என்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. அதில் ஒரு நல்ல விஷயம், சொத்துக்கு உரிமை கோரும் நீங்களும் மனு போடலாம்.

இனி உங்களைக் காப்பாற்றக்கூடிய இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பினாமி தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பினாமியாகப் பெயர் கொடுத்தவரிடமிருந்து ஒருவர், துறை நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே, போதுமான விலை கொடுத்து, இது பினாமி என்று தெரியாமல் வாங்கியிருந்தால் அவர் சொத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அமலாக்கத் துறை வழக்கிலும் வழக்கறிஞர்களான நாங்கள் வாதாடுவது கிட்டத்தட்ட இதையேதான். நீங்கள் 2018-ல் வாங்கியவர், செய்தி இப்போதுதான் வந்தது, ஆகவே முந்தி வாங்கியதிலும் தெரியாமல் வாங்கியதிலும் பெரிய சிக்கல் இருக்காது. கட்சிக்காரர்கள் யாரும் நடுவில் இல்லை என்றால் இன்னும் நல்லது. மாட்டுவது 'போதுமான விலை' என்ற இடத்தில்.

உங்கள் பத்திரம் என்ன சொல்கிறது? 18 லட்சம். பக்கத்து மனையை யாராவது அதே வருஷம் வங்கிக் கடனில் 30 லட்சத்துக்கு முழுத் தொகையும் காட்டிப் பதிந்திருந்தால், அந்தப் பத்திரத்தை எடுத்து வைத்து, 'இவருக்கு மட்டும் ஏன் பாதி விலை? இவரும் அவர்கள் ஆளோ?' என்று கேட்பார்கள். நீங்கள் கொடுத்த மீதி 13 லட்சம் காகிதத்தில் எங்கேயும் இல்லை. முத்திரைத் தீர்வையில் ஒரு லட்சத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கப் போய், உண்மையான விலை கொடுத்தவர் அடிமாட்டு விலைக்கு வாங்கியவர் போல நிற்க வேண்டியிருக்கிறது. 'கைடுலைன் வேல்யூவுக்குப் பதியலாம் சார், எல்லாரும் அப்படித்தான்' என்று அன்றைக்குச் சொன்னதும் இதே புரோக்கராகத்தான் இருக்கும். நிலத்தை விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்பது 2015-லிருந்தே சட்டம். ரொக்கம் பெற்ற விற்பனையாளருக்குத்தான் அபராதம் என்பதால் மனை வாங்குபவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

இப்போது என்ன செய்யலாம்? அந்த 13 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிடைக்கும் எல்லாவற்றையும் தேடுங்கள்: வங்கியில் பணம் எடுத்த பக்கம், நகை அடகு ரசீது, சீட்டு எடுத்த கார்டு, சேமநல நிதியில் எடுத்த கடன். நீங்கள் பத்திரம் பதிந்த வாரத்தில் உங்கள் கணக்கிலிருந்து 4 லட்சம் எடுத்திருந்தால் அந்த ஒரு வரி உங்கள் வாய்மொழியைவிட நூறு மடங்கு பெறும். புரோக்கர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு, அட்வான்ஸ் போட்டபோது எழுதிய அக்ரிமென்ட், வாட்ஸாப்பில் விலை பேசியது எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் ரொக்கம் கொடுத்ததை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், வருமான வரியிலிருந்து கேள்வி வரலாம். உங்கள் வழக்கறிஞர் என்றால் நீங்கள் ஃபீஸ் கொடுத்து வைப்பவர். புரோக்கர் கூட்டிவரும் வழக்கறிஞர் புரோக்கரின் வழக்கறிஞர்.

சரி, நோட்டீஸ் வந்தே விட்டது என்றால்? அமலாக்கத் துறை போடும் முதல் முடக்கம் தற்காலிகமானது, அதிகபட்சம் 180 நாள். அதற்குள் டெல்லியில் இருக்கும் தீர்ப்பளிக்கும் ஆணையம் (அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டி) அதை உறுதி செய்தாக வேண்டும். உங்களுக்குப் பதில் சொல்ல 30 நாளாவது கிடைக்கும். அந்த 30 நாளை வீணாக்கிவிட்டு 28-ம் நாள் கோப்போடு ஓடி வருபவர்கள்தான் அதிகம். தற்காலிக முடக்கத்தில் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, ஆனால் அனுபவிக்கத் தடை இல்லை. வீடு கட்டியிருந்தால் அதில் குடியிருக்கலாம், யாரும் உடனே பூட்டுப் போட மாட்டார்கள். உறுதி செய்துவிட்டால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதன் பிறகு உயர் நீதிமன்றம். இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. நோட்டீஸ் பல நேரம் விற்ற கம்பெனிக்கும் அமைச்சர் குடும்பத்துக்கும் மட்டும் போகிறது, இடையில் வாங்கியவன் பெயர் பதிவுத்துறை கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்தும் அவனுக்கு ஒரு கடிதம் போவதில்லை. சட்டப்படி சொத்துக்கு உரிமை கோரும் யாருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த வாய்ப்பை நீங்களே போய்க் கேட்டால்தான் கிடைக்கிறது.

சம்மன் வந்தால் முதலில் அது உண்மையானதா என்று பாருங்கள். அமலாக்கத் துறை இப்போது சம்மனில் கியூஆர் கோடும் கடவு எண்ணும் கொடுக்கிறது, அவர்களின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வீடியோ காலில் யூனிஃபார்மோடு வந்து 'நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொன்னால் போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. உண்மையான சம்மன் என்றால் தவிர்க்காமல் போங்கள். அங்கே சொல்வது போலீஸ் ஸ்டேஷனில் சொல்வது மாதிரி இல்லை, கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் சாட்சியமாக வரும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அமைச்சரைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வதையெல்லாம் அங்கே போய்ச் சொல்லாதீர்கள், 'அப்படியானால் பினாமி என்று உங்களுக்கு முன்பே தெரியும்' என்று ஒரு வரி அதிலிருந்தே பிறக்கும்.

கடைசியாக, விற்பது. முடக்க உத்தரவு இல்லாதவரை மனை உங்களுடையது, விற்க உங்களுக்கு உரிமை உண்டு. உத்தரவு வந்துவிட்டால் பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு 2022-ல் சேர்த்த 22-பி பிரிவின்படி சார்பதிவாளர் பதிய மறுத்துவிடுவார். ஆனால் இப்போதைய நிலையில் செய்தியை மறைத்து விற்றால், நாளைக்கு வாங்கியவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார், நீங்கள் இன்றைக்கு நிற்கும் இடத்தில் அவர் நிற்பார், அதுவும் செய்தி வந்த பிறகு வாங்கியவர் என்பதால் உங்களுக்கு இருக்கும் தற்காப்பு அவருக்கு இருக்காது. விவரத்தைச் சொன்னால் யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். கல்யாணத் தேதி நெருங்கியிருந்தால் வேறு வழியில் பணம் பாருங்கள், மனையை இந்த வருஷம் தொடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பார்த்து, தேதியோடு அச்செடுத்து ஃபைலில் வையுங்கள்.